நானா எடுத்து வைத்த கேடயம்

கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரே தரத்தில்தான் இருக்கிறேன். பதவி உயர்வு நேர்முகத்துக்குப் போவேன், வாயை அடக்கத் தெரியாமல் எதையாவது சொல்லிவிட்டுத் திரும்புவேன். ஆனால் இணைய விளையாட்டு ஒன்றில் நான் வளர்ந்துகொண்டே இருந்தேன். அங்கே என் ஆள் ஒரு கேடயக்காரன். தொடக்கத்தில் ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு காட்டெலிக்குப் பயந்து ஓடியவன். வருடக்கணக்கில் லெவல் லெவலாக ஏறி, இப்போது பூதங்களின் அடியை முன்னால் நின்று வாங்குகிறான். உழைத்தால் ஏறலாம், ஏறியவனை யாரும் இறக்க மாட்டார்கள். அப்படியும் ஓர் இடம் எனக்குக் கிடைத்ததே என்று பலமுறை நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

கேடயக்காரன் தனியே எதையும் வெல்ல மாட்டான். அடிப்பதற்கு ஒருவர், காயம் ஆற்றுவதற்கு ஒருவர் வேண்டும். எனக்கு இருவரும் கிடைத்தார்கள். எங்கள் மந்திரவாதி, கண்டி நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். அண்ணன் முறைக்கு நான் அவரை நானா என்பேன். வெளிநாட்டுக்குப் போன மகன் விட்டுச்சென்ற கணினியில் விளையாடத் தொடங்கியவர், மகனைவிட அழகாக நெருப்பு வீசுவார். காயம் ஆற்றுகிறவர் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நர்ஸ். வார்டிலும் மருந்து, வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று அவரைச் சீண்டுவேன்.

"இங்க செத்தாலும் எழுப்பலாம் அண்ணை, அதுதான் விளையாடுறன்" என்பார்.

பெரும்பாலும் ஞாயிறு பின்னேரங்களில்தான் எங்கள் ஆட்டம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மூன்று பேரும் மூன்று விதமான தமிழில் கத்திக்கொண்டிருப்போம். அதிகம் கத்துவது நான்தான்.

இந்த விளையாட்டில் லெவல் உச்சத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கும். அதன்பின் ஆள் வளர மாட்டான், அவன் போட்டிருக்கும் கவசமும் ஆயுதமும்தான் வளர வேண்டும். புதிதாக ஒரு கோட்டை திறந்திருந்தது. உடம்பில் இருப்பவற்றின் மொத்த பலத்தைப் பார்த்துத்தான் அதன் வாசல் விடும். நானாவும் நர்சும் எப்போதோ தயாராகிவிட்டார்கள். என்னிடம் கேடயம்தான் பழையது. எனக்கு வேண்டிய கேடயம் பழைய கோட்டையின் அரக்கனிடம் இருந்தது. வாரம் ஒருமுறை அவனைக் கொல்லலாம், மனமிருந்தால் தருவான். மாதக்கணக்காக அவனுக்கு மனமில்லை. புதிய கோட்டைக்கு வேறொரு கேடயக்காரனைப் பிடிப்பது பெரிய காரியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நான் இல்லாமல் போய்விடுவார்கள், அத்தோடு என் கதை முடிந்தது என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொல்வேனா? அரக்கனைத்தான் திட்டினேன்.

அந்த நேரம் பார்த்து எனக்கு டெங்கு வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாள்களில் சேலைன் போத்தலைத் தவிர எனக்கு அதிகம் நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கணினியைத் திறந்தேன். மனைவி திட்டியதைக் காதில் வாங்கவில்லை. நானா இருந்தார். என் குரலைக் கேட்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு சந்தோஷமாகச் சொன்னார்:

"தம்பி, அரக்கன்கிட்ட இருந்து ஒங்கட கேடயம் விழுந்திச்சி. நான் எடுத்து வெச்சிருக்கேன்."

எனக்கு மறுபடி காய்ச்சல் வந்ததுபோல் ஆகிவிட்டது. பழைய கோட்டைக்கு இருவரே போதும் என்று அவர்கள் எனக்காகப் போயிருக்கிறார்கள். விழுந்ததைத் தொடாமல் விட்டிருந்தால், அது எங்கள் குழுவின் பொதுப் பெட்டிக்குப் போயிருக்கும், நான் வந்து எடுத்திருப்பேன். ஆனால் யார் கையால் எடுக்கிறார்களோ அவர்களோடு ஒட்டிவிடும். கொடுக்க முடியாது, மாற்ற முடியாது. மந்திரவாதியால் கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. இத்தனை வருடம் விளையாடியவருக்கு இது தெரியாதா?

இணைப்பில் கத்தியது எனக்குப் போதவில்லை. ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள், இரண்டாம் நாளே பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டேன். கடை நிறைய ஆள்கள். நானா கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"என்னங்க நானா, என்ன வேல செஞ்சிருக்கீங்க? இனி நான் எந்தக் காலத்துல கேடயம் எடுத்து, எந்தக் காலத்துல உள்ள போறது? மூளைய எங்க வச்சிட்டு வெளையாடினீங்க?"

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த நேரம் மறந்துபோய்விட்டது என்றார். அதற்குள் ஹேவாஹெட்டவிலிருந்து வந்த ஒரு பெண், போன மாதம் சொல்லிவிட்டுப் போன சேலை இருக்கிறதா என்று கேட்டார். நானா பின்னால் இருந்த அலுமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாகப் பொட்டலங்கள், எல்லாம் யார் யாரோ வந்து கேட்பதற்காக எடுத்து வைத்தவை. சரியான பொட்டலத்தை உருவி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

அந்தக் கைக்கு வேறு எப்படிச் செய்யத் தெரியும்? நான் கதிரையில் உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது. குடித்தேன், ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

என் பயம் வீணானது. அவர்கள் நான் இல்லாமல் போகவே இல்லை. கேடயம் இல்லாவிட்டால் என்ன, மற்றதையெல்லாம் கூட்டினால் கணக்குச் சரிவரும் என்று நர்ஸ் வழி சொன்னார். தங்களுக்கு ஒன்றுமே கிடைக்காத பழைய இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைக்கவசம் வந்தது, பிறகு கையுறை, பிறகு சப்பாத்து. என் பலம் சொட்டுச் சொட்டாக ஏறி, ஒரு பின்னேரம் புதிய கோட்டையின் வாசல் எனக்கும் திறந்தது.

உள்ளே நுழையும்போது சந்தோஷத்தில் நானாவைச் சீண்டினேன்.

"நானா, அந்தக் கேடயத்தையும் அலுமாரியில வச்சிட்டீங்களா?"

அவர் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை.

"அண்ணை, சும்மா அவரை நக்கலடிக்காதேங்கோ. அண்டைக்கு நான் உங்கட வார்டுக்குப் போய்ப் பாத்திட்டு வந்தனான். பிளேட்லட் இறங்கின மாதிரிக்கு எனக்கு நம்பிக்கையே இல்லை. வீட்டில தனிய இருக்கேலாமல்தான் விளையாட வந்தனான். கேடயம் விழ நான் அழுதுபோட்டன். விடுங்கோ நானா, ஆருக்கு இனி உது எண்டு கேட்டன்."

"அது எதுக்கு இப்ப?" என்றார் நானா.

"இல்லை, அண்ணைக்குத் தெரியத்தான் வேணும். இவர் என்னை ஏசினவர் அண்ணை. 'ஏன் அப்படிச் சொல்றீங்க? அவரு வந்து கேப்பாரு' எண்டு சொல்லிப்போட்டுத்தான் எடுத்தவர்."

நன்றி நானா என்றேன். நான் பிழைப்பேனா என்று பார்த்தவர்களுக்கே தெரியாத ஒரு பின்னேரத்தில், நான் வருவேன் என்று நம்பி ஒரு மனிதர் எனக்கான பொருளை எடுத்து வைத்திருக்கிறார். அவர் சொன்னபடியே நானும் வந்து கேட்டேன். கடை நிறைய ஆள்களுக்கு முன்னால், உயிரோடு நின்று, கத்திக் கேட்டேன்.