தறியில் இருந்தபடி கேட்ட கேள்வி

விவாகரத்துக்குப் பிறகு, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியோடு முசரவாக்கத்திலிருந்து பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு வந்து, மறுபடி தறியில் உட்கார்ந்தேன். வீடுதான் மாறிவிட்டது, பள்ளியாவது மாறக் கூடாது என்பது என் பிடிவாதம். "பழைய ஸ்கூலுக்கே பஸ்ல போறியாம்மா?" என்று நெய்துகொண்டே கேட்டேன். தலையாட்டினாள்.

ஆனால் எட்டரை மணி பஸ்ஸுக்கு ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறாள் என்று எனக்குள் குறுகுறுப்பு. அமாவாசையன்று தறிக்கு விடுமுறை என்பதால் பின்னாலேயே போனேன். பக்கத்துத் தெருப் பள்ளியின் கேட் கம்பியைப் பிடித்தபடி, உள்ளே கோ-கோ ஆடும் பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்!

"இங்க சேரணும்னு ஏன்டி சொல்லல?"

"நீ நெய்ஞ்சிக்கினே கேட்டியா, உன் வேலை கெடுமேன்னு தலையாட்டிட்டேம்மா."

மறுவாரமே அங்கே சேர்த்துவிட்டேன். இப்போதெல்லாம் அவளிடம் எதைக் கேட்பதானாலும் தறியை நிறுத்தி, கால் இறக்கி உட்காரும் தறிக்குழியை விட்டு ஏறி, எதிரில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். லேசில் பேச்சை முடிக்க மாட்டேன் என்கிறாள். சேலை ஒருநாள் தள்ளி முடிகிறது, முடியட்டுமே!