பி.எஃப். மட்டும் வேணாம், மேடம்

வேலைக்கு ஆள் தேடுகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: காதில் போன் இருக்கும், மறுமுனையில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

நான் அந்த ஜாதி. இரும்புலியூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் அலுவலகம் வைத்துக்கொண்டு, அடுக்குமாடிகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை அனுப்புகிறேன். நீங்களும் கடையோ பட்டறையோ நடத்துகிறவராக இருந்தால், "எல்லாத்தையும் கவர்மென்ட்டே குடுத்துட்டா எவன் வேலைக்கு வருவான்?" என்று இன்று காலையில்கூட யாரிடமாவது அலுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஓனரின் கவலை

எங்கள் கட்டட ஓனருக்கு ஒரு காலத்தில் இங்கே நெல் வயல் இருந்தது. இப்போது அதே மண்ணில் வரிசையாகக் கடைகள். மாதம் பிறந்தால் வாடகை தானாக வந்து சேரும். காலை டிபன் முடிந்ததும் மாடியேறி வந்து என் அலுவலகத்தின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரேஷனில் இலவச அரிசி, பெண்களுக்கு இலவச பஸ், போதாததற்கு மாதா மாதம் மகளிர் உரிமைத் தொகை, இப்படியே போனால் ஜனங்கள் உடம்பை வளைக்காமல் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார்கள் என்று நாட்டுக்காக வெகுநேரம் வருத்தப்பட்டார்.

புது யூனிஃபார்ம் வாங்க வந்திருந்த குமாரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் வேலை செய்பவர்களில் கெட்டிக்காரி அவள்தான். பல்லாவரத்தில் ஒரு அடுக்குமாடியில் வேலை. அவள் ஒரு நாள் லீவு போட்டால் அந்த அசோசியேஷன் முழுக்க எனக்கு போன் செய்யும். ஓனர் படியிறங்கும் வரை மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் சொன்னாள்:

"ஓனர் சொல்றது கரெக்ட்டு மேடம். வேலை செய்யாம துட்டு வந்தா மனுசன் எப்டி ஆய்டுவான்னு அவருக்குத் தெரியாதா?"

வேனும் பஸ்ஸும்

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கான்ட்ராக்ட் கிடைத்தது. தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன் உண்டு. அதற்குக் காசு கிடையாது. ஆனாலும் சரளா என்ற பெண் மட்டும் வேனை விட்டுவிட்டு, இலவச பஸ்ஸுக்காகக் காத்திருந்து, கூட்டத்தில் நசுங்கி, அடிக்கடி லேட்டாக வந்தாள்.

கூப்பிட்டு உட்காரவைத்து, வேனும் இலவசம்தானே அம்மா, அப்புறம் என்ன என்று பொறுமையாக விளக்கினேன். இலவசம் என்றால் எங்கள் ஜனங்களுக்கு அரசாங்கத்தின் இலவசம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சின்ன ஆராய்ச்சியையும் முடித்து வைத்திருந்தேன். சரளா ஒரே பேச்சில் அதைக் கலைத்துவிட்டாள்:

"வேன்ல கால வச்சாலே டூட்டி மேடம், சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்துகினே போவணும். பஸ்ல நான் பாசஞ்சரு."

குமாரிக்கு வந்த நாற்காலி

அந்த சூப்பர்வைசர் ஒருநாள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் வேறொருவரை நிறுத்த வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குமாரியைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "ஒக்கார சேர் உண்டா மேடம்?" என்றுதான் கேட்டாள். உண்டு என்றேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருப்பவள். அந்த நாற்காலியில் அப்போதே உட்கார்ந்துவிட்டது போலச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் வந்து, வேண்டாம் என்றாள். முகம் வாடிக் கிடந்தது. துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. சூப்பர்வைசர் வேலைக்குக் கம்பெனி விதிப்படி பி.எஃப். பிடிப்பார்கள். பி.எஃப். நம்பர் வந்துவிட்டால் அவள் கவர்மென்ட் ஸ்டாஃப் ஆகிவிடுவாளாம். கவர்மென்ட் ஸ்டாஃப் இருக்கும் வீட்டுக்கு உரிமைத் தொகை கிடையாதே! ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லி, தெரு முழுக்க நம்புகிற சேதி. அந்தத் தொகை வருவதும் குமாரிக்கு இல்லை, அவள் மாமியாருக்கு. அது நின்றுவிட்டால் வீட்டில் பேஜாராகிவிடும் என்றாள்.

வேலைக்குப் போவதால் உதவி நின்றுபோவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றேன். இங்கிலாந்தில் இருந்த வருஷங்களில், வேலையில்லாதவர்களுக்கு உதவித் தொகை கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் உதவி குறையும், வீட்டிலேயே இருந்தால்தான் லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதிப் பேருடைய கணக்கு சரியாகவும் இருக்கும். உன் கணக்கு அப்படியில்லை குமாரி, பி.எஃப். வேறு, கவர்மென்ட் வேலை வேறு என்று முடித்தேன். இவ்வளவு பேசியதில் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்:

"வேலை இல்லன்னா சும்மாவே துட்டு குடுப்பாங்களா? அப்ப இன்னாத்துக்கு மேடம் திரும்பி வந்தீங்க?"

தலைவி வருகை

அடுத்த நாள் மாமியார் அஞ்சலையே மாடியேறி வந்துவிட்டார். பின்னால் குமாரி. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அஞ்சலைதான். அரசாங்கம் கொடுத்த அந்தப் பட்டத்தை அவர் இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி செருகிக்கொண்டிருந்தார். "நான் தலைவி, என்னக் கேக்காம எப்டி நம்பர் எடுப்பீங்க?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

தாலுகா ஆபீஸில் தெரிந்தவர் ஒருவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். தனியார் கம்பெனியில் பி.எஃப். பிடிப்பதால் எதுவும் நிற்காது. குமாரியின் புதுச் சம்பளத்தையும் அவள் கணவனின் ஷேர் ஆட்டோ வருமானத்தையும் சேர்த்தாலும் திட்டத்தின் வருமான வரம்புக்குள்தான் இருக்கிறது. அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனில் பேசுகிறவர் நாளைக்கு மாற்றலாகிப் போய்விட்டால் யாரைக் கேட்பது என்றார்.

குமாரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். நின்னு போனாப் போவட்டும் அத்தே, அந்தப் பணத்த மாசாமாசம் என் சம்பளத்துலயிருந்து நானே தர்றேன் என்றாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் டீ சொல்லப் போனேன். அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னார், கோபமில்லாமல்:

"இவ குடுத்தா நான் கைய நீட்டணும்மா. அது வந்தா கைய நீட்ட வேணாம்."



ஆள் தேவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குமாரியே போன் செய்து, காலையில் வேனில் ஏறிவிடுவேன் என்றாள். எப்படி என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

சூப்பர்வைசர் என்றால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். காலையில் யார் சமைப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? எதிர்வீட்டுப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கணவனிடம் கேட்டிருக்கிறாள், மாமியார் காதில் விழுகிற மாதிரி. அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. அவ வைக்கிற கொழம்பு நாய் குடிக்குமா, அந்தச் சம்பளத்தை எனக்குக் குடு, நான் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். தலைவிக்கு வேலை கிடைத்துவிட்டது. உழைத்து வாங்குகிற சம்பளத்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லையே. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். குமாரி சொன்னாள்:

"நீங்க ஊருக்கெல்லாம் ஆள் வைக்கிறீங்க மேடம். நான் வூட்டுக்கு வச்சேன்."

பாதி மாதம் போன பிறகு

குமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாத நடுவில் அஞ்சலை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேங்க் மெசேஜைப் படித்துச் சொல்ல வேண்டுமாம். உரிமைத் தொகை வழக்கம் போல வந்து விழுந்திருந்தது. இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஓனர் பேப்பரை இறக்கிவிட்டு, அங்கேயும் வருது இங்கேயும் வருது, இனிமே உனக்கென்னம்மா கவலை, வீட்டில் காலை நீட்டி உட்காரலாமே என்றார். அவர் குரலில் நாட்டைப் பற்றிய வருத்தம் கொஞ்சமும் இல்லை. பொறாமை மட்டும் லேசாக இருந்தது.

உட்காரவா, யாரு சொன்னது என்று அஞ்சலை கிளம்பினார்; உலையில் அரிசி போட்டுவிட்டு வந்திருக்கிறாராம். வாசலில் நின்று, சூப்பர்வைசரிடம் சொல்லச் சொல்லி எனக்கு ஒரு தகவல் கொடுத்தார்:

"சம்பளம்னா லீவு கீதுல்ல? ஞாயித்துக்கெழம அடுப்பு அவளுதுன்னு சொல்லிடுங்க."

உதவித் தொகை லாபமா, உழைப்பு லாபமா என்று இனி யாராவது என்னைக் கேட்டால், இரண்டையும் வாங்கிக்கொண்டு வார விடுமுறையும் எடுத்துக்கொள்கிற ஒரே ஆளிடம் அனுப்பிவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை தவிர.