உள்ளே பார்த்த எட்டுக் கேமராக்கள்

டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எஸ்பன்யோலா ஊரில் அவளுடைய டயர் கடைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். அவள் கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம். மெல்லப் பேச ஆரம்பித்தால் அவரவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொள்வார்கள்.

அந்தக் கடை அவள் அப்பாவுடையது. அவருடைய முதுகு போய் அவள் கடையை ஏற்றபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே நின்று அவள் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள், வருகிற ஆள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் யாரும் இல்லையா?" என்பான். "இருக்காங்க. உங்க வண்டிக்குக் கீழதான் நிக்கிறாங்க" என்பாள். அப்படிக் கேட்பவர்கள் ஓய்வதற்குப் பத்து வருஷம் ஆனது. பிறகு தம்பி எலோய் ஃபீனிக்ஸில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து பாதிப் பங்குக்காரனாகச் சேர்ந்தான். கணக்கு, விளம்பரம், தொலைபேசி எல்லாம் அவன் பக்கம். கிரீஸ் அவள் பக்கம்.

கடையில் கைதேர்ந்த மெக்கானிக் பெர்னபே. இளவயதில் திருட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டுச் சிறைக்குப் போய் வந்தவன். வேலை கேட்டு வந்த அன்றே அதை மறைக்காமல் சொன்னான். "இங்க நீ வண்டி ஓட்ட வேணாம், ரிப்பேர் பண்ணினா போதும்" என்றாள் டெல்ஃபினா. அன்றிலிருந்து பதினொரு வருஷம், காலையில் கடையைத் திறந்தது பெரும்பாலும் அவன்தான்.

அந்த வசந்த காலத்தில் பின்முற்றத்தில் விட்டிருந்த வாடிக்கையாளர் வண்டிகளில் திருட்டு ஆரம்பித்தது. வண்டிக்கு அடியில் புகைக்குழாயோடு சேர்ந்திருக்கும் கன்வெர்ட்டரை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் இருக்கும் உலோகத்துக்கு நல்ல விலை. இரண்டாவது தடவை பறிபோனது பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாளின் பிக்கப். அந்த அம்மாள் வண்டியைக் கிளப்பியதும் லாரி உறுமுவதுபோலச் சத்தம் வந்தது. டெல்ஃபினாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புதிய பாகத்தைத் தானே வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்த போலீஸ்காரன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேமரா இருக்கா? இல்லையா?" என்று கேட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான்.

கேமரா வைப்பதென்று முடிவாயிற்று. அல்புகர்க்கியிலிருந்து கிரெய்க் என்ற விற்பனையாளன் வந்தான். டெல்ஃபினா அவனைப் பின்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் வறண்ட ஓடை. "இது வழியாத்தான் வரானுங்க. இங்க ரெண்டு, கேட்ல ஒண்ணு, கவுண்டர்ல ஒண்ணு" என்றாள். அவன் தலையாட்டினான். மறுநாள் அவள் மகளுக்கு பூவெப்லோவில் பிரசவ வலி எடுத்தது. கேமரா வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனாள்.

பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கடையில் எட்டுக் கேமராக்கள் இருந்தன. எட்டும் உள்ளே பார்த்தன.

ஒன்று பெர்னபே வேலை பார்க்கும் லிஃப்டுக்கு நேர் மேலே. ஒன்று கருவி அலமாரியின் மேல். ஒன்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் அறையில், ஒலியையும் பதிவு செய்யும் வகை. பின்வேலியில் ஒன்றுமில்லை. பெர்னபே தன் பர்ரிட்டோவை எடுத்துக்கொண்டு போய் வெளியே தன் வண்டிக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"எலோய்," என்றாள் டெல்ஃபினா, மெல்ல. "பின்வேலிக் கேமரா எங்கடா?"

"அக்கா, கிரெய்க் சொன்னாரு. கடைத் திருட்டுல முக்காவாசி உள் ஆளோட கைதானாம். வெளியாளுக்கு எந்த வண்டி எப்ப நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"வேலிக்கு ஓட்டை இருக்கு, அது வழியாப் பாத்தாத் தெரியும். யாரைச் சொல்றே நீ?"

"நான் யார் பேரையும் சொல்லல."

"சொல்லல. கேமராவைச் சொல்ல வச்சிருக்கே."

எலோய் தன் கைபேசியைக் காட்டினான். யாராவது அசைந்தால் அதில் மணி அடிக்கும். "இங்க பாரு, நேத்து அலமாரி முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறான்!"

"அது ஸ்பேனர் அலமாரிடா. மெக்கானிக் அங்க நிக்காம உன் மேஜைக்கு முன்னாடியா நிப்பான்?"

ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாகியிருந்தது. மாதாமாதம் கட்டணம் வேறு. எலோய் கெஞ்சினான்: "ஒரு வாரம் விட்டுப் பாரு அக்கா. ஒண்ணுமில்லேன்னா நானே கழட்டிடறேன்." மலைப்பாதையில் நாளெல்லாம் வண்டி ஓட்டி வந்த அலுப்பில், வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு, "ஒரு வாரம்" என்றாள். பின்னால் அவள் தன்மேலேயே பல்லைக் கடித்ததெல்லாம் இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான்.

வியாழக்கிழமை மதியம். அவள் ஒரு டயரைச் சக்கரத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். பெர்னபே லிஃப்டுக்குக் கீழிருந்து வந்து, கையைத் துடைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் காருக்குள் குனிந்து எதையோ தேடினான். அப்போது கூரையிலிருந்து எலோயின் குரல் கேட்டது.

"பெர்னபே! அந்த வண்டிக்குள்ள உனக்கென்ன வேலை?"

கேமராவுக்கு வாயும் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர்கள் இருவர் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள், பிறகு பெர்னபேயைப் பார்த்தார்கள். அவன் காரிலிருந்து வெளியே வந்து, சக்கர நட்டுக்கான பூட்டுச் சாவியைத் தூக்கிக் கூரைக்குக் காட்டினான். வண்டிக்காரர்கள் உள்ளேயே போட்டு வைக்கும் அதைத்தான் தேடியிருக்கிறான். சாவியை பெஞ்சில் வைத்தான். மேலங்கியைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தான். கடைச்சாவியைத் தன் வளையத்திலிருந்து நகத்தால் நெம்பி எடுத்து அதன்மேல் வைத்தான்.

"பெர்னபே, இரு" என்று டெல்ஃபினா ஓடினாள்.

"அந்தக் காருக்கு வலது பின்சக்கர நட்டு இன்னும் முறுக்கல. மறந்துடாதீங்க" என்றுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

அவள் அலுவலக அறைக்குப் போனாள். எலோய் கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தான். அவள் பேசிய பேச்சு வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அத்தனை மெல்லப் பேசினாள். எலோயின் காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி திருட்டு நடந்தது. பின்முற்றத்தில் இரண்டு வண்டி. திங்கட்கிழமை பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். எட்டுக் கட்டத்திலும் காலிக் கடை. சாப்பாட்டு அறையின் பதிவில் மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து ரம்பம் அறுக்கும் சத்தம், தெள்ளத்தெளிவாக. டெல்ஃபினா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"போதும் அக்கா."

"கேளுடா. காசு கட்டி வாங்கியிருக்கே, நல்லாக் கேளு. பெர்னபே எங்க நிக்கிறான்னு சொல்லு."

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டையும் தானே கழற்றினாள். கிரெய்க்கை வரவழைத்தாள். அவன் சிரித்த முகத்தோடு வந்தான்.

"மேடம், இதே மாடல்ல இன்னும் நாலு சேத்து வெளியில போட்டுட்டா..."

"முதல்ல ஒண்ணை வேலியைப் பாத்து மாட்டு. நீ தொப்பி போட்டுட்டு அங்க நட."

கூரை விளிம்பில் மாட்டிவிட்டு நடந்தான். திரையில் ஒரு தொப்பி நகர்ந்தது, அவ்வளவுதான்.

"இது உன் முகமா?"

"கொஞ்சம் உயரம் ஜாஸ்தி..."

"இருட்டினதும் உன் காரை விளக்கு போட்டுக்கிட்டு கேட்டுக்குள்ள கொண்டா. நம்பரைப் படிக்கிறேன்."

இருட்டியது. காரைக் கொண்டுவந்தான். நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளிச்சம் ஒரு பந்தாகத் தெரிந்தது. வைஃபையும் அந்தத் தூரத்தில் விட்டு விட்டு வந்தது. திரையில் கார் கேட்டில் இருந்தது, அடுத்த நொடி சுவரோரம் இருந்தது.

"தூரம், வெளிச்சம், உயரம், எதையும் நீ அளக்கல. என் தம்பி யாரைக் கண்டு பயப்படறான்னு மட்டும் அளந்திருக்கே" என்றாள். "எட்டையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பு. ஒப்பந்தத்தைப் பத்திப் பேசணும்னா வக்கீலோட வா." அவன் வக்கீலோடு வரவில்லை, ஒப்பந்தத்தை முறித்ததற்கு ஒரு பில் மட்டும் வந்தது. அதை எலோயின் பங்கிலிருந்து கட்ட வைத்தாள்.

அதன்பின் அவளே தேடினாள். அந்தத் தெருவில் கேமரா வைத்திருந்த ஒவ்வொரு கடைக்கும் போய், "பகல் படம் வேணாம், ராத்திரிப் படத்தைக் காட்டுங்க" என்று கேட்டாள். சாராயக் கடைக்காரரிடம் இருந்தது பிடித்தது. சாண்டா ஃபேயில் ஒரு சின்னக் கடையில் கம்பி வழியாக ஓடுகிற வகையைக் கேட்டு வாங்கினாள். ஒரே கம்பியில் மின்சாரமும் படமும் போகும். மொத்தம் ஐந்து. வேலிக்கு இரண்டு, தலைக்குச் சற்று மேலே, முகம் விழும் உயரத்தில். கேட்டில் நம்பர் தகட்டுக்கென்றே குறுகலாகப் பார்க்கும் ஒன்று. முற்றத்துக்கு ஒன்று, பணப்பெட்டிக்கு ஒன்று. லிஃப்ட் பக்கம் ஒன்றுகூட இல்லை. பதிவுப்பெட்டியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கம்பிக்குக் குழி தோண்டும்போது எலோயும் மண்வெட்டியோடு வந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

கோடையில் அகப்பட்டார்கள். இரண்டு பேர், ஓடை வழியாக ஒரு டிரக்கைக் கொண்டுவந்து, வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தவர்கள். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அறுத்ததை ஏற்றிக்கொண்டு முற்றத்துக்குள் டிரக்கைத் திருப்பும்போது கேட் கேமராவில் நம்பரும் விழுந்தது. வேறு மாவட்டத்துக்காரர்கள்; கடையில் யாருக்கும் அறிமுகமில்லை. எலோய் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்த ஆளோடு கைகுலுக்கிவிட்டு, "பாத்தியா அக்கா, கேமரா வச்சது நல்லதாப் போச்சு" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

பெர்னபேயின் வீடு சிமாயோ போகும் வழியில். அவன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். போவாக்கேயில் வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"புடிச்சுட்டாங்க பெர்னபே. யாரோ வெளியாளுங்க."

"கேள்விப்பட்டேன்."

"திரும்பி வா. சம்பளம் நீ சொல்றதுதான்."

அவன் கோடரியைக் கட்டையில் இறக்கினான். "புடிச்சதுனால வந்திருக்கீங்க. புடிக்காமப் போயிருந்தா?"

"உன்மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்ல."

"தெரியும். அதுதான் எனக்கு ஆத்தாமை. எலோய் நெனச்சான், செஞ்சான். நீங்க நெனக்கவே இல்ல, இருந்தும் ஒரு வாரம் குடுத்தீங்க."

அவளுக்குக் கோபம் பொங்கியது. இத்தனை வருஷம் பார்த்த என்னை, என்று ஆரம்பிக்கப் போனாள். அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க முடியவில்லை. அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். டெல்ஃபினா நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு எலோயை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். தான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. எலோய் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான், பெர்னபே கேட்டுக்கொண்டான், கை கொடுத்தான். கடைக்குத் திரும்பவில்லை.

டெல்ஃபினா இன்னும் லிஃப்டுக்குக் கீழே நிற்கிறாள், அறுபதை நெருங்கும் முழங்காலோடு. கியர்பாக்ஸ் வேலை வந்தால் போவாக்கேயில் பெர்னபே இருக்கும் கடையின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். எலோய் போன மாதம், புதிதாகச் சேர்ந்த ஆளைப் பற்றி, "அவன்மேல ஒரு கண்ணு வச்சுக்கணும் அக்கா" என்று ஆரம்பித்தான். அவள் குரல் தாழ்ந்தது. கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.