மாடம்பாக்கத்துப் பித்தளை பாய்லர்

பழைய ஹீட்டருக்குள்ள தண்ணியைச் சூடேத்தற கம்பி எத்தனை வாட்டுன்னு கண்டுபிடிக்கிற தொழில்ல, தண்ணிக்கு முன்னாடி நம்ம தலைதான் சூடாகும். தாம்பரத்துல நான் படற பாடு, ரிப்பேர் கடை போட்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் புரியும்.

போட்டோ வைத்தியம்

மாடம்பாக்கத்துல இருந்து ரிட்டயர்டு சார் ஒருத்தர் வந்தாரு. வீட்டுல கரண்டு பாய்லர், பித்தளை. கம்பி பொசுங்கிப் போச்சு. வீட்டம்மாவுக்கு முட்டி வலி. அந்த முட்டியோட காஸ் அடுப்புல இருந்து பாத்ரூமுக்கு வெந்நீர்க் குண்டானைத் தூக்கிகினு நடக்கிறாங்களாம். ஒரு தரம் வழுக்கி, நல்லவேளை, சுவத்தைப் பிடிச்சுகிட்டாங்க. "சீக்கிரம் பாய்"னு போனை நீட்டறாரு. அதுல ஒரு கருகின குச்சி. இதுல வாட் எங்கே தெரியும், பாய்லரையே கொண்டாங்க சார்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"டாக்டரே போட்டோவைப் பாத்து மருந்து எழுதறாரு, உங்களுக்கு என்ன பாய்?"

கரைஞ்சு போன நம்பர்

மறுநாள் ஆட்டோவுல பாய்லர் வந்துச்சு. கண்ணு கூசற பளபளப்பு. அடித் தகட்டுல வாட் நம்பரைக் குத்தியிருப்பாங்க. கண்ணாடி போட்டுப் பாத்தேன், விரலால தடவிப் பாத்தேன். வழவழன்னு கீது! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ச்சே நம்பரைக் கரைச்சுட்டாங்க. கேட்டா, சாருக்கு என் மேல கோவம்.

"பின்ன, சாமி முன்னாடி அழுக்கோடவா வைக்க முடியும்?"

அறுத்த முள்ளு

வேற வழியில்லாம பொசுங்கின கம்பியைப் பிரிச்சேன். உள்ளே பீங்கான் கட்டை மேல சுருள் ரெண்டு துண்டா அறுந்திருந்துச்சு. ரெண்டையும் தனித்தனியா மீட்டர்ல வெச்சு, வந்த ஓம்ஸைக் கூட்டிக் கணக்குப் போட்டா, ஆயிரம் வாட்.

பாய்லரையும் ஏத்திகினு, புதுக் கம்பியோட வீட்டுக்கே போனேன். வீட்டுலயே கழட்டி வெச்சிருந்த ஒயரோட பிளக்கைக் கையில எடுத்துப் பாத்தேன். மூணு முள்ளுல பெரிசை ரம்பத்தால அறுத்திருக்காங்க. சுவத்துல ரெண்டு ஓட்டைதானாம்! அந்த முள்ளுதான் எர்த்து. கரண்டு கசிஞ்சா ஆளைக் காப்பாத்தறது. "ஏம்மா, பாய்லரைத் தொட்டா ஷாக் அடிக்காதா?"ன்னேன். "அடிக்குமே"ன்னாங்க, அடுப்புல பால் பொங்குமேங்கிற மாதிரி.

அன்னிக்குப் பூரா உட்கார்ந்து எர்த் ஒயர் இழுத்து, புது மூணு முள்ளுப் பிளக்கும் சுவத்துல மூணு ஓட்டைப் பாயிண்டும் மாட்டி, டெஸ்டர் வெச்சுக் காட்டினேன். வீட்டம்மா பாய்லர் மேல விரலை வெச்சாங்க, எடுத்தாங்க, மறுபடி வெச்சாங்க. திருப்தியே இல்ல.

"முன்னெல்லாம் சுரீர்னு அடிச்சா தண்ணி காஞ்சிருச்சுன்னு தெரியும், இனிமே எப்படிப் பாய் தெரியும்?"

எவ்ளோ பழைய கம்பியா இருந்தாலும் என்னான்னு கண்டுபிடிச்சுடுவேன், ஆனா ஷாக்கை மணியடிக்கிறதா நெனைச்சு இத்தனை வருஷம் பொழைச்சுக் கிடந்தவங்களை எந்த மீட்டர்ல வெச்சுப் பாக்கறது?