தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்

என் வீட்டுக்காரரிடம் மணி என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் முதலில் அந்தக் கடிகாரத்தை வாங்கிய கதை வரும். பிறகு கடைக்காரரின் மருமகன் விமானத்தில் வாந்தி எடுத்த கதை வரும். கடைசியில் மணியும் வரும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டவர் பிடிக்க நினைத்த பஸ் அதற்குள் போயிருக்கும்.

மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே என்று இரண்டே திசை தெரிந்த ஒரு பெட்டியோடு ஆயுசில் பாதியைக் கழித்தவர். அதைப் பார்த்தாவது நேராகப் போகக் கற்றிருக்கலாம். ம்ஹூம். கம்பெனியில் அவருக்கு ‘ரிங் ரோடு’ என்று பெயர். அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன், போனில் அண்ணன் நம்பரையே அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறான். என் மாமியார் மட்டும், பெற்ற பாவத்துக்கு, “அவனுக்கு எதையும் விளக்கமாச் சொல்லணும், அவ்வளவுதான்” என்பார். விளக்கமாம்! உப்பு எங்கே என்று கேட்டால் கடல் வரைக்கும் போய்வருவதற்குப் பெயர் விளக்கமாம்.

ஆனால் ஒன்று. எங்கே சுற்றினாலும் கேட்ட கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுவார். தலையைச் சுற்றித்தான் கையைக் கொண்டுபோவார், மூக்கைத் தொடாமல் விட்டதில்லை.

தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே நான் மட்டும். விளக்கும் போய்விட்டது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டபோது வெளியிலிருந்து ஒரு குரல்.

“உள்ள யாருங்க? பயப்படாதீங்க. கயிறு அறுந்து விழும்னு நினைக்கிறீங்களா? அது சினிமால. இப்படித்தான் ஒரு பேங்க் மேனேஜர் மாட்டிக்கிட்டார். கையில டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸ் மூடி இருக்கே, அது அவர் மாமனார்…”

மூடி எங்கே வாங்கியது, மாமனாருக்கும் மேனேஜருக்கும் ஏன் பேச்சு இல்லை, எல்லாம் வந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “யோவ், வாயை மூடிக்கிட்டுக் கதவத் திறய்யா!” என்று கத்தினேன். கதவு திறந்தது. “பாத்தீங்களா, பயம் போயிடுச்சு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு விழுந்தவள்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய தொழில்முறை. மாட்டிக்கொண்டவர்களோடு கதவு திறக்கும்வரை விடாமல் பேசுவார். கை ஸ்பேனரைப் பிடித்திருக்கும், வாய் உள்ளே இருப்பவரின் கையைப் பிடித்திருக்கும். மற்ற மெக்கானிக்குகள் திறந்தால் மாட்டிக்கொண்டவர்கள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். இவர் திறந்தால் திட்டிக்கொண்டே வருவார்கள்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் நேராகப் பேச ஆரம்பித்தார்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டேன்.”

கரண்டியோடு நின்றேன். மீதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாளும் அப்படியே. “வேலை எப்படி?” “பரவால்ல.” “தம்பி போன் பண்ணானா?” “ம்.” வீட்டில் ஒரே கொண்டாட்டம். “என் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிட்டான், வயசு வந்துடுச்சில்ல” என்றார் மாமியார், ஐம்பத்தைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து. கம்பெனி சூப்பர்வைசரோ, தான் கொடுத்த டோஸ்தான் வேலை செய்கிறது என்று மீசையை முறுக்கினாராம். கொழுந்தன் ஒரு படி மேலே போய் கேக் வாங்கி வந்துவிட்டான். “அண்ணி, அண்ணன் திருந்துனதுக்கு!” என்று அவனே வெட்டி அவனே பாதியைத் தின்றான். அண்ணன்காரர் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லவா விழுங்கவா என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் முதலில் காது குளிர்ந்தது. பொய் சொல்வானேன், கல்யாணமான நாளிலிருந்து ஒரு டிவி தொடரை நான் முழுசாகப் பார்த்தது அந்த வாரம்தான். அப்புறம் அந்த அமைதி உறுத்த ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்பதுபோல் நிற்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புவார். “வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? ஏதாவது பேசித் தொலைங்களேன்” என்று நானே கெஞ்சும்படி ஆகிவிட்டது. எந்த வாயை மூடச் சொல்லி வருஷக்கணக்காகக் கத்தினேனோ, அதே வாயைத் திறக்கச் சொல்லி!

அப்போதுதான் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாட்ச்மேன் போன் செய்தான்.

“அக்கா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? இங்க லிஃப்ட்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. ‘வெளிய யாராவது இருக்கீங்களா’ன்னு கேட்டுக் கேட்டு அழுதுச்சு. அண்ணன் கதவுகிட்டயேதான் நின்னார். ஒரு வார்த்தை பேசலக்கா. அப்புறம் நான்தான் கம்பெனிக்கு போன் பண்ணி வேற ஆள வரவச்சேன்.”

அன்றைக்கு இருட்டில் எனக்குக் கிடைத்தது அவர் குரல். அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

“மனசுல ஏதோ கவலை போலிருக்கு. டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் லிஃப்ட் பக்கம் விடமாட்டேன்” என்றுவிட்டார் சூப்பர்வைசர். மீசையை முறுக்கியவர்தான். சரி, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கே போகலாம் என்று கிளம்பினேன்.

“பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“நீ மட்டும் வந்துடாத. உன்னப் பாத்தா திருப்பி அனுப்ப மாட்டாங்க” என்றேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மேஜைமேல் கால் உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்றை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். சொந்தக் கண்ணாடியையே சரி செய்ய நேரமில்லாதவர் நம்மை என்ன சரி செய்யப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“இன்னைக்கு இங்க எப்படி வந்தீங்க ஐயா?”

“பஸ்.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“லிஃப்ட்.”

“யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“பெரியவங்களும் தப்பு… பண்ணுவாங்க.”

டாக்டர் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டர், இவர் நேராப் பேசுறார்!”

“ஆமாம்மா. கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்றார்.”

“அதான் டாக்டர் வியாதி! யானைன்னு சொன்னா சும்மா விடற ஆளா இவர்? ஒரு சர்க்கஸ்காரன் கதை வரணும். அந்த சர்க்கஸ்காரன் எங்க தெருவுல வாடகைக்கு இருந்தான், அவன் பொண்டாட்டி எங்கிட்டத்தான் ஜாக்கெட் தைப்பா, அதுல ஒருதடவை கை இறுக்கமாப் போயி…”

டாக்டர் என்னையே உற்றுப் பார்த்தார்.

“அம்மா, நீங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவீங்களா?”

“பூவோட சேர்ந்த நார் டாக்டர். என்ன விடுங்க, இவரப் பாருங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: “என்ன பேசுறாங்கன்னு மட்டும் நாங்க பாக்குறதில்லம்மா. யோசனை எந்த வழியில போகுதுன்னு பாப்போம். சிலர் ஊரெல்லாம் சுத்துவாங்க, ஆனா கேட்ட கேள்விக்கு வந்து சேர்ந்துடுவாங்க. சிலர் வழியில எங்கயோ இறங்கிடுவாங்க, கேள்வி என்னன்னே மறந்துடும். சிலருக்கு நடுவுலயே நின்னுடும். இவர் வழக்கமா எந்த ரகம்?”

“வந்து சேர்ந்துடுவார் டாக்டர். லேட்டா வருவார். வராம இருந்ததில்ல.”

“எனக்கு இவர இப்பதான் தெரியும். முன்னாடி எப்படிப் பேசுவார்? நீங்க பேசிக் காட்டுங்களேன்.”

கேட்டாரே ஒரு கேள்வி! இவர் மாதிரி பேசிக் காட்டுவது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. குடும்ப விசேஷங்களில் கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். கையை இவர் ஆட்டுவதுபோலவே ஆட்டிக்கொண்டு, இவர் கடைசியாகச் சொன்ன பெரிய கதையை எடுத்தேன். ஏன் லேட் என்று நான் கேட்டதற்கு வந்த பதில்.

“லேட்டானதுக்குக் காரணம் என்னன்னா, குடை. குடை என்னுது இல்ல, ஸ்டோர்கீப்பருது. அவன் ஏன் குடுத்தான்னா, அவன் பொண்ணுக்குப் பரீட்சை. மழையில கிளம்பி அந்த ஓட்டலுக்குப் போறேன், அங்க லிஃப்ட் குழிக்குள்ள தண்ணி. இறங்கும்போது மேல இரும்பு பீம்ல நங்குன்னு மண்ட இடிச்சி, கண்ணுல பூச்சி பறந்து, கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன், அது கெடக்கட்டும். தண்ணிய மோட்டார் வச்சு இறைக்கலாம்னா, மோட்டார் வச்சிருக்கிறவன் யாருன்னா…”

“நில்லுங்க” என்றார் டாக்டர். கையை உயர்த்தியிருந்தார். “தலை இடிச்சது எப்போ?”

“அந்த மழையப்போ டாக்டர். போன மாசம்.”

“இவர் பேச்சு குறைஞ்சது?”

“அதுக்கு அப்புறம்தான்…”

என் கை ஆட்டத்தில் அப்படியே நின்றுபோனது. அந்தக் கதையை நான் வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தேன். மாமியாருக்குச் சொல்லிக் காட்டிச் சிரித்தும் இருந்தேன். இவரே ‘அது கெடக்கட்டும்’ என்று தாண்டிப் போனதால் நாங்களும் தாண்டிப் போயிருந்தோம்.

டாக்டர் இவரை எழுந்து நடக்கச் சொன்னார். வலது கால் லேசாகத் தரையை உரசியது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஒரு கை மெல்ல இறங்கியது. டாக்டர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “இது மனசு இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, அவரே போனை எடுத்து ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பேசினார்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருந்தது. அதுதான் மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. மண்டையில் துளை போட்டு அதை வெளியே எடுக்கவேண்டும் என்றார்கள். “பேச்சு பழையபடி வருமா?” என்று ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டேன். “பெரும்பாலும் வரும். பாக்கலாம்” என்றார் அவர். அந்த ‘பாக்கலாம்’ எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே கொழுந்தன் சுவரைப் பார்த்து நின்றான். “கேக் வாங்கினேனே அண்ணி, கேக் வாங்கினேனே” என்று அழுதான். எனக்கு அவனைத் திட்டக்கூடத் தெம்பில்லை. எனக்கு அந்த மனுஷன் வேண்டும், அவ்வளவுதான். பழையபடி வேண்டும். காது தேய்ந்தாலும் பரவாயில்லை.

உயிர் பிழைத்தார். மொட்டைத் தலையில் கட்டோடு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார், தூங்கினார். பேச்சு அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்தச் சின்ன டாக்டர் வார்டுக்கு வந்து, கட்டில் பக்கத்தில் குனிந்தார்.

“ஐயா, இப்ப எங்க இருக்கீங்கன்னு தெரியுதா?”

இவர் கண்ணை மூடித் திறந்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

“எங்க இருக்கேன்னா… அதச் சொல்றதுக்கு முன்னாடி டாக்டர், என்னத் தள்ளிக்கிட்டு வந்தாங்களே, அந்த லிஃப்ட். ரெண்டாவது மாடியில நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்குது. பிரேக் தேஞ்சிருக்கு.”

கொழுந்தன் வாய்விட்டுச் சிரித்தான். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சிரிக்கவில்லை. கிளம்புவது பெரிசா? வந்து சேரவேண்டுமே.

“அத எந்தக் கம்பெனிக்காரன் பாக்குறான்னு எனக்குத் தெரியும். அவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு பத்தல. அங்கதான் என் தம்பி செருப்பத் தொலைச்சான். புதுச் செருப்பு…”

நின்றுவிட்டார். கண் ஜன்னல் பக்கம் போனது.

“செருப்பு…” என்றார் மறுபடியும்.

நர்ஸ் ஏதோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள். டாக்டர் உதட்டில் விரலை வைத்துத் தடுத்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாங்க, வந்துடுங்க, எவ்வளவு சுத்தினாலும் சரி, வந்து சேர்ந்துடுங்க என்று மனசுக்குள் கத்தினேன். கதவுக்கு உள்ளே அவர், வெளியே நான்.

“…செருப்பில்லாம வெறுங்காலோட வந்தானா, கண்ணாடி குத்திடுச்சு. தையல் போட நான்தான் தூக்கிட்டு வந்தேன். இதே வார்டுதான். அப்பவும் இதே பச்சை பெயிண்ட். இன்னும் மாத்தல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆக, பெரியாஸ்பத்திரி டாக்டர். நீங்க கேட்டதுக்குப் பதில்.”

அழுதுவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “இந்த ஒரு வார்த்தையச் சொல்ல இத்தன ஊரச் சுத்தணுமாய்யா?” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே திட்டினேன்.

அவர் சிரித்தார். அதே சிரிப்பு.

டாக்டர் கேட்கவேண்டிய அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். நேரத்தைப் பார்த்தார். வெளியே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தார். “நீங்களே கேளுங்கம்மா” என்று என்னிடம் விட்டுவிட்டு நகர்ந்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

“ஏங்க, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்று கேட்டேன்.