பின்பக்கத்தில் குறித்த துளைகள்

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. சின்ன வயதில் என்னுடைய ஒரே நல்ல சட்டையை வெட்டித் தன் பொம்மைக்குத் தைத்துப் போட்டவள் அவள். அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் இந்தக் கதையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். மாமா திறந்தால் தன் பெருமையைத்தான் பேசுவார்.

அக்கா தையல்காரி. புதுத்துணி தைப்பதைவிடப் பழையதைப் பிரித்துச் சரிசெய்வதுதான் அவள் கடையில் அதிகம். இடுப்பு பிடிக்கிற பேன்ட், நீளமான கை, நடுவழியில் சண்டித்தனம் பண்ணும் ஜிப் எல்லாம் அவளிடம் வந்து சேரும். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஓர் அரங்கத்தில் சவுண்டு பார்ப்பவர். மேடையில் யார் பேசினாலும் பாடினாலும், கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. விருந்துக்குக் கூட்டிப் போனால்கூட, அங்கே பாடும் ஸ்பீக்கரை முறைத்துப் பார்த்து, "அடைக்குது" என்பார்; ஒலி தெளிவாக இல்லாமல் மூடிக்கிடக்கிறதாம். நாங்கள் சாப்பாட்டைப் பார்ப்போம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. கம்பு ஊன்றி நடக்கவும் செய்தார். வலது கை மட்டும் வரவில்லை.

"கை செத்துப்போகல. ஆனா அவர் அதை வேலை வாங்கணும்," என்றார் டாக்டர். "மொதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். எல்லாத்தையும் இடது கையே செஞ்சுட்டு இருந்தா, மூளை இந்தக் கையை மறந்துடும்."

பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். மாமா அதை ஜன்னலோரம் வைத்தார். அது அங்கேயே தூசி பிடித்தது. வலது கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன பார்சல் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பேப்பரைப் புரட்டுவார். கெஞ்சினோம், திட்டினோம், மனுஷர் அசையவில்லை. மூன்று மாதம் போனது. எனக்குப் பயமாக இருந்தது. அக்காவுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

நாலாவது மாதம் அவள் அலமாரி மேலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினாள். உள்ளே ஒரு சிந்தசைசரின் பாதி உறுப்புகள் கிடந்தன. மின்சாரத்திலிருந்தே விதவிதமான ஒலியை உண்டாக்கும் கருவி அது. மாமா என்றைக்கோ செய்ய ஆசைப்பட்டு வாங்கி வைத்தவை. அதன் வரைபடத்தை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்தார். யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம். ஒரே ஒரு வழக்கம்தான்: மாற்றினால், மாற்றியதை மற்றவர்களுக்காக அங்கேயே திரும்பப் போட வேண்டும்.

"அதை மேலயே வை," என்றார் மாமா.

"உங்களை யாரும் கேக்கல," என்றாள் அக்கா.

ஊசி நூல் பிடித்த கை, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கோலைப் பிடித்தது. முதல் நாளே விரலைச் சுட்டுக்கொண்டாள். இணையத்தில் இந்தக் கருவியைச் செய்பவர்கள் கூடும் பக்கத்தில், மூன்று கால் நாயின் படத்தை வைத்திருந்த ஒருவர் எந்த நாட்டிலிருந்தோ பதில் சொல்வார். நாங்கள் அவருக்கு 'மூணுகால்' என்றே பேர் வைத்துவிட்டோம். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். போட்டோ அனுப்பினால், மூணுகால் அதில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்: இந்த இடத்தில் ஈயம் சரியாக உருகவில்லை, மறுபடி சூடுபடுத்துங்கள். அந்த மனுஷருடைய பொறுமையில் கால்வாசி எனக்கிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

கருவிக்கான பெட்டியின் மேல்பலகையை அக்கா தானே மாற்றி வரைந்தாள். கீழே ஒரே வரிசையில் எட்டு பட்டன்கள். இடது ஓரம் கனத்த சுரம், வலது ஓரம் மெல்லிய சுரம். மூல வரைபடத்தில் வலது ஓரம் இருந்த பெரிய குமிழை, இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். ஒலியை மூடித் திறக்கும் குமிழ் அது. மாமா இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்திக்கொண்டே, அதே கையின் மற்ற விரல்களால் அதைத் திருகலாம்.

"கை வரவே வராதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த மனுஷன் எதையாவது செய்யட்டும்டி. சும்மா உக்காந்திருக்கிறதைப் பாக்க முடியல," என்றாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பலகை வெள்ளை மைக்கா ஒட்டிய பிளைவுட். வரைந்த தாளை ஒட்டி, துளை போட்டு, துடைத்து, நிமிர்த்தி வைத்தாள். வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய குமிழின் துளை வலது ஓரத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். தையல்காரி துணியின் முகத்தில் சுண்ணக்கட்டி படவிட மாட்டாள். எதைக் குறிப்பதானாலும் துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தில்தான் குறிப்பாள். முப்பது வருஷப் பழக்கம் பலகையைக் கண்டதும் விட்டுவிடுமா? மைக்காவில் கீறல் விழுமே என்று பலகையைக் கவிழ்த்து, தாளைப் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். நிமிர்த்தியதும் இடம் வலமாகிவிட்டது. அன்றைக்கு ஆறு மாதம் முடியப் பதினொரு நாள் பாக்கி.

"இப்போதைக்கு இதுலயே மாட்டிப் பாப்போம். சத்தம் வருதான்னு தெரியட்டும். வேற பலகை அப்புறம் வெட்டிக்கலாம்," என்றாள். ஒயர்கள்தானே, எந்தத் துளைக்கு இழுத்தாலும் போகும். கனத்த சுரத்தை இடது ஓரத்திலேயே வைத்து எல்லாவற்றையும் பொருத்தி, மாமா பக்கம் பார்த்தபடி சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். புதுப் பலகைக்கு அளவெடுக்க டேப் தேடி உள்ளறைக்குப் போனாள்.

மேஜையின் அந்தப் பக்கம் மாமா. இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காதவர், பேப்பரை மடித்து வைத்தார். இடது கையால் இடது ஓரப் பட்டனை அழுத்தினார்.

சத்தம் வந்தது. போர்வைக்குள் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

"அடைக்குது," என்றார் மாமா.

"அக்கா வரட்டும் மாமா. எனக்கு எது என்னன்னு தெரியாது."

"அதோ, அந்தப் பெருசு. அவ வர்ற வரைக்கும் இதைக் கேட்டுட்டு இருக்கணுமா?"

பட்டனை விட்டால் சத்தம் நின்றுவிடும். நின்ற சத்தத்தைச் சரிசெய்ய முடியாது. இது அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பாடம். இடது விரலை எடுக்கவே இல்லை. குமிழோ அந்தக் கைக்கு எட்டாத வலது ஓரத்தில். முகம் சுளித்தது. நான் எழுந்து கையை நீட்டப் போனேன். அதற்குள் அவருடைய வலது முழங்கை மேஜைமேல் நகர்ந்தது. பாதி மூடிய விரல்கள் குமிழ்மேல் விழுந்து வழுக்கின. மறுபடி விழுந்தன. இரண்டு விரல் பிடித்துக்கொண்டன. குமிழ் நகர்ந்தது.

சத்தம் திறந்தது. மேஜையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

"ஏய், அதை ஏன்டி தொட்ட? ஒயர் பிஞ்சுடும்," என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

"நான் தொடலக்கா."

உள்ளே டேப் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். மாமா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் அடைக்குது," என்று சொல்லி, இன்னொரு தடவை திருகினார்.

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள்மேல் இருந்த சட்டைக் கோபத்தைக்கூட அரைமணி நேரம் மறந்திருந்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சட்டைப் பட்டனை இன்றும் அக்காதான் போட்டுவிடுகிறாள். ஆனால் மாமா தினமும் காலையும் மாலையும் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து எங்கள் காதைப் பதம் பார்க்கிறார். இப்போது வலது கை பல் துலக்குகிறது. ஆறாம் மாதம் பார்த்த டாக்டர், "இனி இந்தக் கை தேறிட்டே போகும்," என்றார். அதைக் கேட்ட இரவு நாங்கள் மூவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

புதுப் பலகை வெட்டவே இல்லை. ஆனால் மாற்றியதைத் திரும்பப் போட வேண்டும் என்ற வழக்கத்தை அக்கா மீறவில்லை. வரைபடத்தையும் பெட்டியின் போட்டோவையும் இணையத்தில் ஏற்றினோம். மறுநாளே மூணுகால் கேட்டிருந்தார்: வரைபடத்தில் பெரிய குமிழ் இடப்பக்கம் இருக்கிறது, போட்டோவில் வலப்பக்கம் இருக்கிறது, எது சரி?

"வரைபடத்தைத் திருத்திடலாமாக்கா?" என்றேன்.

அக்கா வாயில் ஊசி வைத்திருந்தாள். ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, "வேணாம். நான் சொல்றதை எழுது," என்றாள். எழுதினேன்.

"வரைபடம் அப்படியே இருக்கட்டும். கை வராதவருக்குச் செய்கிறீர்கள் என்றால், தாளைப் பலகையின் பின்பக்கத்தில் ஒட்டித் துளை போடுங்கள்."