யூகோவுக்குக் கிடைத்த வேலை

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்டக்டரிடம் கேட்கும் கேள்விக்கே முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஆள் நான். “உன் கையில யாரு மைக்கைக் குடுத்தது?” என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி கேட்பார்.

உத்தரவு போட்டவர் யூகோ. எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இரண்டு வருடமாகக் குடியிருக்கும் ஜப்பான் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும், பார்த்தால் இருபத்தைந்து என்று சொல்லத் தோன்றும். புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில், ஜப்பானுக்கு வேலைக்குப் போகப்போகிற நம் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷை சொல்லித்தருகிறார். காலையில் கம்பெனி கார் வந்து கூட்டிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. ஊருக்குக் கிளம்புகிறார்.

சனிக்கிழமை மாலை படியிறங்கி வந்தார்.

“நாளைக்கு நான் மீன் வாங்கணும். மீஞ்சூர்ல. ட்ரெயின்ல போய், தமிழ்ல கேட்டு, பேரம் பேசி. நீங்க கூட வாங்க. ஆனா பேசக் கூடாது.”

“எதுக்கும்மா? டிரைவர் கிட்ட சொன்னா வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு.”

“அதான்” என்றார். “ரெண்டு வருஷமா எல்லாரும் வாங்கிக் குடுத்தாங்க. நான் ஒண்ணுமே வாங்கல.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மாணவர்களிடம் கேட்டு, போனில் பாடம் பார்த்து, எங்கள் வீட்டுச் சண்டைகளை மாடியிலிருந்து கவனித்து... நன்றாகவே தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் அதைப் பேசத்தான் இடமில்லை. கம்பெனியில் ஜப்பான் பாஷை, காரில் இங்கிலீஷ், கடையில் டிரைவர். கிளம்புவதற்குள் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொருளை, யார் உதவியும் இல்லாமல் தமிழில் பேசி வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இது ஒரு பெரிய ஆசையா? இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பொன்னேரி போனோம். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை. யூகோ நேராகப் போய், “அண்ணே, சக்கரை கம்மியா ஒரு டீ” என்றார். அட்சரம் பிசகவில்லை. டீ மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இன்னா கேக்கறாங்க?”

இத்தனைக்கும் அவர் காதுக்கு நேராகச் சொன்னது! முகத்தைப் பார்த்ததும் காது மூடிக்கொள்கிறது போலிருக்கிறது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரே ஒரு முடிவுக்கு வந்து, “மேடம்... நோ சுகர்?” என்று கேட்டு, சர்க்கரையே இல்லாத டீயை நீட்டினார். யூகோ குடித்தார்.

டிக்கெட் கவுன்ட்டரில் இன்னும் மோசம். “மீஞ்சூர் ரெண்டு, ரிட்டன்” என்று யூகோ மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி வரிசையில் நிற்கிறார். முன்னால் நின்ற பையன் திரும்பினான். அவருடைய மாணவன். முகமெல்லாம் பல்லாக ஒரு கும்பிடு, நாலு வார்த்தை ஜப்பான் பாஷை, அடுத்த நிமிடம் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். நல்ல பையன். அவனைக் குறை சொல்ல முடியுமா?

மீஞ்சூர் மார்க்கெட்டில்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. மீன்கார அம்மா தராசிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. யூகோ ஒரு சங்கராவைத் தொட்டுப் பார்த்ததும் அதட்டினார்.

“கைய வச்சி அமுக்காதம்மா, மீனு பிஞ்சிடும். வோணுமா, வோணாமா?”

“வேணும்க்கா. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க.”

“பாத்துதாம்மா சொல்றேன். இதுக்குக் கீழ எங்க போறது?”

“போன வாரம் கம்மியா குடுத்தீங்களாம்.”

“யாரு சொன்னா ஒன்னாண்ட?”

ஆஹா, பேரம் சூடு பிடிக்கிறது! யூகோவின் காது நுனியெல்லாம் சிவந்து கிடந்தது, சந்தோஷத்தில். அப்போது பக்கத்தில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கையைச் சுரண்டி, “யாரும்மா இது?” என்று கேட்டார்.

கேட்டால் நான் என்ன செய்வேன்?

“ஜப்பான்! டீச்சர். நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லித் தராங்க.”

அவ்வளவுதான். மீன்கார அம்மா எழுந்தே விட்டார். “ஜப்பானா? அய்யய்ய, தெரியாம அதட்டிட்டனே...” என்று முந்தானையில் கையைத் துடைத்தார். நாலு பேர் போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். மீன்கார அம்மா இருப்பதிலேயே பெரிய சங்கராவாகப் பொறுக்கி, செதில் எடுத்து, கவரில் போட்டு யூகோ கையில் திணித்தார். “டப்பு வோணாம்மா. நம்மூருக்கு வந்த புள்ள நீ.” யூகோ நீட்டிய நோட்டை வாங்க அங்கே ஒருவரும் தயாராக இல்லை.

நல்ல மனசு. சத்தியமாக நல்ல மனசு. ஆனால் பணமே வாங்க மாட்டேன் என்பவரிடம் எப்படிப் பேரம் பேசுவது?

பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்ததும் “சாரி” என்றேன். யூகோ கவரை மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“எங்க அப்பாவுக்கு பேக்கரி. கடல் பக்கத்துல ஒரு சிட்டி. எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் வெளிநாட்டுக்காரர். லீவு நாள்ல தனியா ஊர் சுத்துவார். கடைசில எங்க கடைக்கு வருவார். மெதுவா, வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்த மாதிரி, ஜப்பான் பாஷைல பன் கேப்பார். நான் இங்கிலீஷ்ல பதில் சொல்வேன்.”

“சின்னப் பொண்ணு, ஆசையா இருந்திருக்கும்.”

“ஆமா. அப்பாவுக்குப் பெருமை. சார் சிரிப்பார். அப்புறம் அவரும் இங்கிலீஷ்ல பேசுவார். அடுத்த வாரம் மறுபடி ஜப்பான் பாஷைல ஆரம்பிப்பார். நான் மறுபடி இங்கிலீஷ்.” கவரின் முடிச்சைத் தடவினார். “லீவு நாள்ல கூட நான் அவரை டீச்சராவே வச்சிருந்தேன். அப்புறம் அவர் ஊருக்குப் போயிட்டார். எங்க சிட்டில யார் கூடயாவது அவர் ஜப்பான் பாஷைல முழுசாப் பேசினாரா... எனக்குத் தெரியல.”

அன்றைக்கு முதல் தடவையாக, யாரும் உத்தரவு போடாமலே நான் பேசாமல் இருந்தேன்.

கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஓரளவு கூட்டம். வண்டி நகரும்போது ஓடிவந்து ஏறினார் ஒரு பெண்மணி. கழுத்தில் கம்பெனி டேக், தோளில் சாப்பாட்டுப் பை. மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் சீட்டுக்கு வந்தார்.

“தே, தள்ளி குந்து.”

யூகோ தள்ளி உட்கார்ந்தார். இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டு நிமிடத்தில் கீழே பார்த்துத் துள்ளினார்.

“இன்னாமே இது? மீன் தண்ணி எம் பொடவைல ஊத்திக்கினு கீது, பாத்துக்கினு ஒக்கார மாட்டியா?”

“சாரிக்கா. கவர் கிழிஞ்சிருக்கு.”

“கிழிஞ்ச கவர குடுத்தா வாங்கிக்கினு வந்துடுவியா? இன்னொன்னு கேக்கறதில்ல?” திட்டிக்கொண்டே தன் சாப்பாட்டுப் பையைக் குடைந்து ஒரு கவர் எடுத்து, மீனை அதில் போட்டு முடிச்சுப் போட்டார். பிறகு யூகோ முகத்தை நன்றாகப் பார்த்தார். “எந்த கம்பெனி?”

“புதுவாயல் பக்கம்க்கா.”

“அஸ்ஸாமா, மணிப்பூரா?”

எனக்குப் புரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ரயிலில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு ஜப்பான் எங்கே ஞாபகம் வரும்? வடகிழக்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்டுக்குப் போகிற எத்தனையோ பெண்களில் ஒருத்தி. அவ்வளவுதான். நாக்கு நுனி வரை ‘ஜப்பான்’ வந்துவிட்டது. யூகோ என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

விழுங்கினேன். வாழ்நாளில் நான் விழுங்கிய பெரிய மாத்திரை அதுதான்.

“ரொம்ப தூரம்க்கா” என்றார் யூகோ. பொய் இல்லையே.

“கான்ட்ராக்டா?”

“ஆமாக்கா. ரெண்டு வருஷம். இந்த மாசம் முடியுது. ஊருக்குப் போறேன்.”

“பெர்மனென்ட் பண்லியா? அப்டிதான். ரெண்டு வருசம் வாங்க வேண்டிய வேலைய வாங்கிக்கினு அனுப்பிடுவானுங்க.” எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் அதன் மேல் கோபப்பட்டார். “ஊர்ல யாரு கீறாங்க?”

“அப்பா மட்டும். வயசாயிடுச்சி.”

“போ. போய் அவர பாத்துட்டு வா. வந்து வேல இல்லன்னா பேஜாராவாத. சிப்காட்ல எங்க கம்பெனிக்கு வா, கேட்டுல சாந்தின்னு சொன்னா தெரியும். பேக்கிங்ல ஆள் எடுத்துக்கினேதான் கீறாங்க. நான் சூப்பர்வைசராண்ட சொல்றேன்.”

பொன்னேரி வந்துவிட்டது. இறங்கும்போது சாந்தியக்கா பின்னாலிருந்து கத்தினார். “மொதல்ல மீன கழுவிடு, நாறிடப் போவுது.” “சரிக்கா” என்று திரும்பிக் கத்தினார் யூகோ. பிளாட்பாரத்திலேயே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குள் ஒரு முள்ளும் இருந்தது. நிஜமாகவே அஸ்ஸாமிலிருந்து வருகிற பெண்ணுக்கு நம் மார்க்கெட்டில் யாரும் சங்கராவைச் சும்மா தருவதில்லை, வீடியோ எடுப்பதில்லை. நம் மரியாதை கூட முகவரி கேட்டுவிட்டுத்தான் போகிறது. ஆனால் தள்ளி உட்காரச் சொல்வது, திட்டுவது, கவர் மாற்றித் தருவது, வேலைக்குச் சொல்கிறேன் என்பது... இதெல்லாம் கூட இருப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. விருந்தாளிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து மீன் வறுவல் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தி, “உப்ப பாத்துப் போட மாட்டியா?” என்று அதட்டினேன். யூகோவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சாந்தியக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள் — பாவம், யூகோவுக்கு அந்த வேலை போய்விடும்.